சத்தம் வருது, சொல்லுதான் வரல: விருந்து வீட்டில் அப்பாவோடு காதைப் பற்றிப் பேசுவது எப்படி

போன வருடத்துக்கு முந்தைய தீபாவளி. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அப்பா வீட்டில் வழக்கம்போல திறந்த இல்ல உபசரிப்பு, நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது, யாரும் பார்க்கவில்லை. மேலே காற்றாடி. சமையலறையில் அத்தைகள். வாசலில் தம்பி வாடகைக்கு எடுத்த கராவோக்கே. சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த மாமா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்து, தலையைக் குனிந்து, மெல்ல ஏதோ சொன்னார். அப்பா அவரைப் பார்த்து முகம் மலரச் சிரித்து, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றார்.

மாமா சொன்னது, தோட்டப்புறத்தில் அப்பாவோடு ஒன்றாக வளர்ந்த நண்பர் இறந்துபோன செய்தி.

துக்கத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்திக் காதோரமாகத்தான் சொல்வோம். காது மந்தமானவருக்கு அதைவிடச் சிரமமான விதம் வேறில்லை. வாயசைவு தெரியாது, குரலும் எட்டாது. தோளில் விழுந்த கையை அப்பா வாழ்த்தென்று எடுத்துக்கொண்டார். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார். அன்று இரவு, எல்லாரும் கிளம்பிய பிறகு, அம்மாதான் அப்பாவுக்கு எதிரே நின்று விஷயத்தைச் சொன்னார். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் விருந்தன்று எல்லாருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருக்கலாம். அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று நீங்கள் தயங்கிக்கொண்டிருக்கலாம். நாங்கள் முதலில் தப்பாகச் செய்தோம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகச் செய்தோம். இரண்டையும் சொல்கிறேன்.

முதல் விஷயம்: விருந்தன்று அந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். மறுநாள் காலையிலும் வேண்டாம். எங்கள் வீட்டில் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அன்றிரவே, அத்தைகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே, "அப்பா, உங்களுக்குக் காது சுத்தமா போயிருச்சு, நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும்" என்றான். அவன் சொன்னதும் அக்கறையில்தான். அப்பா நிமிர்ந்து, "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்றார். அதோடு இரண்டு மாதம் யாரும் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் ஒருவரின் குறையைச் சொன்னால், அந்தக் குறையைவிட அந்த நாலு பேர்தான் அவருக்குப் பெரிதாகத் தெரிவார்கள்.

அப்பா சொன்னதில் பொய் இல்லை என்பதையும் நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, காக்ளியா என்பார்கள். அதற்குள் வரிசை வரிசையாக நுண்ணிய முடியணுக்கள். கீச்சென்ற ஒலிகளை வாங்கும் அணுக்கள் அந்த நத்தையின் வாசலருகே இருக்கின்றன, தடித்த ஒலிகளை வாங்குபவை உள்ளே தள்ளி. வயது ஆக ஆகவும், இரைச்சலில் வேலை பார்த்தாலும், முதலில் அடிபடுபவை வாசலருகே இருப்பவைதான். ஒருமுறை போனால் அவை திரும்ப முளைப்பதில்லை. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தடித்தவை, பலமானவை. க, ச, ட, த, ப என்று சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் ஒலிகளின் பெரும்பகுதி மேல் சுருதியில், மெல்லியதாக இருக்கிறது. அதனால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்றுதான் தெரியாது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சொல்வதெழுதுதல் நடக்கும்போது மழை வந்து கூரையில் இரைந்தால், 'தட்டு' என்று நான் சொன்னதைப் பின்வரிசைப் பிள்ளை 'பட்டு' என்று எழுதிவைக்கும். 'கத்து' என்றால் 'பத்து'. பிள்ளை கவனிக்காமல் இல்லை, அதற்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கு நாள் முழுக்கப் பின்வரிசை, நாள் முழுக்க மழை. அவர் பக்கமிருந்து பார்த்தால் நாம் வாய்க்குள் பேசுவதுபோல்தான் இருக்கும். இதைப் புரிந்துகொண்ட பிறகு அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது. எரிச்சல் மனதில் இருக்கும்வரை இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். வார்த்தை கேட்காவிட்டாலும் முகத்தில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பேசுவதற்கு முன் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். யார் குரல் அவருக்கு எட்டுகிறது, யாருடையது எட்டவில்லை? தம்பியின் கட்டைக் குரல் அப்பாவுக்குக் கேட்கும். என் மகளின் மெல்லிய குரல் கேட்காது. பெண்கள், சிறு பிள்ளைகள் குரல்தான் முதலில் நழுவும். கைபேசியை எந்தக் காதில் வைக்கிறார்? தொலைக்காட்சிச் சத்தம் எவ்வளவு? இவையெல்லாம் சாட்சி சேர்ப்பதற்கு அல்ல. "போன செவ்வாய்க்கிழமை நான் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கல" என்று பட்டியல் போட்டுவிட்டால், அவர் அதற்குப் பதில் சொல்லவே தன் சக்தியையெல்லாம் செலவழிப்பார். எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவது என்று உங்களுக்குத் தெரிவதற்காக மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் இடம். காரில் வேண்டாம், பேசுபவர் முகம் தெரியாது, சக்கரச் சத்தம் வேறு. பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியில் வைத்துப் பேசலாம் என்று நானும் நினைத்தேன். காற்றும் இயந்திரமும் சேர்ந்து நல்ல காதுக்கே ஒன்றும் கேட்கவிடாது. மாமாக் சாப்பாட்டுக் கடையும் வேண்டாம். வீட்டிலேயே, இருவர் மட்டும், காற்றாடியை நிறுத்திவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டாகிவிடும். அவர் இத்தனை வருடமாகக் காதால் மட்டும் கேட்கவில்லை, கண்ணாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வெளிச்ச விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் பாதிப் பேச்சு அதில்தான் இருக்கிறது.

நாங்கள் பேசியது ஜனவரியில், ஒரு சனிக்கிழமைக் காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பசியாறிவிட்டு, சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அப்பாவும் நானும் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். கைக்கு ஒரு வேலை இருந்தால் மௌனம் கனக்காது. ஆனால் அவர் குனிந்திருக்கும்போது பேசிப் பயனில்லை. அவர் நிமிரும்வரை காத்திருந்து ஒவ்வொரு வாக்கியமாகப் பேசினேன்.

"அப்பா, தீபாவளிக்கு எல்லாரும் வந்துட்டுப் போனாங்களே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

நான் உடனே எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் கஷ்டமா இருந்துச்சுப்பா. உங்ககூட உக்காந்து பேசணும்னு நெனச்சேன். அந்த இரைச்சல்ல முடியல" என்றேன்.

அவர் ஐந்தாறு நெத்திலியைக் கிள்ளிப் போட்டார். தலைகளை ஒரு பக்கம் விரலால் ஒதுக்கினார்.

"சத்தம் வருதும்மா. சொல்லுதான் வரல" என்றார். பிறகு தானாகவே, "எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சிருவேன். அன்னைக்கு அவன் செத்ததைச் சொன்னப்பவும் சிரிச்சிட்டேன்."

இரண்டு மாதமாக அவர் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றே நினைத்திருந்தோம்.

அந்த இடத்தில் 'டாக்டர்' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "அடுத்த தடவை எல்லாரும் வந்தா, எங்க உக்காந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்?" அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்து யோசித்தார். "காத்தாடிக்குக் கீழ வேணாம்" என்றார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. நெத்திலியைக் கழுவப் போய்விட்டார்.

இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். முதல் பேச்சில் இயந்திரம் வேண்டாம், பரிசோதனை வேண்டாம், இருக்கையைப் பற்றிக் கேளுங்கள். "உங்களுக்குக் கேட்கவில்லை" என்று தொடங்கினால் அவர் மறுக்கத்தான் முடியும். "எங்கே உட்காரலாம்" என்று கேட்டால் அவர் முடிவு சொல்ல முடியும். தன் வீட்டில் தான் முடிவு சொல்லுகிற ஒரு மனிதரிடம் அடுத்த பேச்சைக் கொண்டுபோவது சுலபம்.

சொல்லக்கூடாதவையும் சில உண்டு. நம் மொழியில் 'செவிடு' என்பது குறையின் பெயராக மட்டும் இல்லை, திட்டும் சொல்லாகவும் இருக்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். அம்மாவும் சமையலறையிலிருந்து அதைச் சொல்வார். அது அப்பாவுக்குக் கேட்காது என்று நினைத்தார், ஆனால் சொல்லும்போது இருக்கும் முகம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பழமொழியை இனிமேல் இந்த வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

மறதி நோயைச் சொல்லிப் பயமுறுத்துவதும் வேண்டாம். கேட்புக் குறைவைக் கவனிக்காமல் விடுவது, நினைவாற்றல் குறையும் ஆபத்தை அதிகமாக்கும் காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2020-இலும் 2024-இலும் பட்டியலிட்டிருக்கிறது. அது உண்மை. நீங்கள் தள்ளிப்போடாமல் இருக்க அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 74 வயதுக்காரரிடம் "மெஷின் போடலன்னா உங்களுக்கு எல்லாம் மறந்துபோயிரும்" என்றால், அவர் அன்றிரவு தூங்காமல் கிடப்பார், காலையில் மருத்துவமனைக்கும் வரமாட்டார். அப்பாவுக்கு உதவியது வேறு ஒரு செய்தி. உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்புக் குறைவு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னதைப் படித்துக் காட்டினேன். "அவ்வளவு பேரா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் அவராகவே "பார்த்துட்டு வரலாம்" என்றார். முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குப் போனோம். காதில் அழுக்கு அடைத்துக்கொண்டாலே பலருக்குக் கேட்காது, அதை எடுத்தாலே தீர்ந்துவிடும் என்பதால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பஞ்சுக் குச்சி, கொண்டை ஊசி கொண்டு நீங்களே குடைய வேண்டாம், அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். அங்கே கொடுத்த கடிதத்தோடு பினாங்கு பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு. ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். முடிவு ஒரு வரைபடமாக வரும். அப்பாவுடையதில் கோடு பாதிவரை சுமாராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் என்ற மேல் சுருதிப் பக்கம் பள்ளமாக விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறியிருந்தது. காதைப் பரிசோதித்த ஆடியோலஜிஸ்ட் அதைப் பார்த்ததும், "அங்கிள் எங்க வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். பலத்த இரைச்சலில் நெடுநாள் வேலை பார்த்தவர்களின் காது அப்படித்தான் காட்டும். அப்பா பிறை என்ற ஊரில் ஓர் இரும்புப் பட்டறையில் 27 வருடம் தகடு வெட்டியவர். அந்தக் காலத்தில் காதுக்கு எதுவும் போட்டதில்லை.

அந்தப் பள்ளத்தைக் காகிதத்தில் பார்த்ததுதான் அவரை மாற்றியது என்று நினைக்கிறேன். வயதாகிவிட்டதால் இல்லை, எங்களை வளர்க்க உழைத்ததால் வந்தது என்று அவருக்குத் தெரிந்தது. வயதும் சேர்ந்துதான் இருக்கும், ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

வேலையிடத்து இரைச்சலால் காது போனவர்கள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நாம் சொக்சோ என்று சொல்வோமே, அதுதான். தொழில்சார் நோய்களில் அதுவும் ஒன்று. பழைய வேலைக்கடிதங்கள் இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். இப்போது தொழிற்சாலையில் இருக்கும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்: 2019-இன் இரைச்சல் விதிமுறைகளின்படி எட்டு மணி நேர வேலை நாளுக்கு வரம்பு 85 டெசிபல். காதுக் கவசம் கொடுத்தால் கழுத்தில் தொங்கவிடாமல் காதில் போட வேண்டும். இன்னும் ஒன்று, இது அவசரம்: திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் பேச்சுக்கும் சமாதானத்துக்கும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை.

இனி விருந்து நாள்.

அப்பாவிடம் முதலில் அனுமதி கேட்டேன். "அத்தை, சித்தப்பா எல்லார்கிட்டயும் நான் சொல்லவா, இல்ல நீங்க சொல்றீங்களா?" சொந்தக்காரர்களிடம் நாமாகச் சொல்லிவிட்டால், அது புறம் பேசியதாகிவிடும். "நீயே சொல்லிரு, ஆனா பெருசு பண்ணாத" என்றார். குடும்ப வாட்சாப் குழுவில் நான் அனுப்பியது நாலே வரி: அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து, எதிரே உட்கார்ந்து பேசுங்கள். முதலில் கூப்பிட்டு, அவர் உங்களைப் பார்த்த பிறகு விஷயத்தைத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். கத்த வேண்டாம்.

இந்தக் கத்த வேண்டாம் என்பதைத்தான் அதிகம் விளக்க வேண்டியிருந்தது. மெதுவாகப் பேசினால் "கேக்கல" என்பார், கொஞ்சம் உரக்கப் பேசினால் "ஏன் கத்துற" என்று கோபிப்பார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதில் பிடிவாதம் எதுவும் இல்லை. முடியணுக்கள் குறைந்த காதில் மெல்லிய ஒலி நுழையாது, பலத்த ஒலியோ முழு வேகத்தோடு நுழைந்து வலிக்கும். நடுவில் இருக்கும் இடம் ஒடுங்கிப்போயிருக்கும். போதாததற்கு, கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, அவருக்கு வேண்டிய மெய்யொலி பெருப்பதில்லை. வாயும் கோணும், முகத்தில் கோபம்போலத் தெரியும். கத்துவதற்குப் பதிலாக நெருங்கி வாருங்கள். தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் வரை கூடும். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுவதைவிட, எழுந்து வந்து ஒரு கை தூரத்தில் நாற்காலி போட்டு, சாதாரணக் குரலில் நிதானமாகப் பேசுவது எவ்வளவோ மேல்.

இருக்கை. அப்பா சொன்னபடி காற்றாடிக்குக் கீழே இல்லை. நம் தாமான் குடியிருப்பு வீடுகளின் கூடம் முழுக்க ஓடு, சிமெண்டுச் சுவர், ஒலி எங்கே பட்டாலும் திரும்பி வரும். விருந்தன்று நாற்காலிகளைச் சுவரோரமாக நாலு பக்கமும் போட்டுவிடுகிறோம், பேசுபவர்கள் ஒருவரையொருவர் தாண்டித்தான் பேச வேண்டும். நாங்கள் முன்னறையின் மூலையில் அப்பாவின் நாற்காலியைப் போட்டோம். முதுகுப் பக்கம் திரைச்சீலை, தரையில் பாய். இரண்டும் ஒலியை உறிஞ்சும். பின்னால் யாரும் பேச முடியாது. அவருக்கு வலது காது கொஞ்சம் நன்றாகக் கேட்கும், அதனால் இடது தோள் சுவரை ஒட்டி, வலது பக்கம் திறந்து. எதிரே இரண்டே நாற்காலிகள், மூன்றாவது கிடையாது. இரண்டு பேர் வருவார்கள், பேசுவார்கள், எழுந்து போனால் அடுத்த இரண்டு பேர். நாற்பது பேர் நடுவில் ஒரு மணி நேரம் இருப்பதைவிட இப்படிப் பத்துப் பத்து நிமிடம் அவருக்குப் போதும். தொலைக்காட்சியை அணைத்தோம். கராவோக்கேயைத் தம்பி சாயங்காலத்துக்கு மாற்றினான், அதுவும் பின்பக்கம்.

சாப்பிடும் நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். இலையைப் பார்த்துக்கொண்டே உங்கள் வாயையும் பார்க்க முடியாது. வாயில் மென்றுகொண்டிருந்தால் காதுக்குள்ளும் அந்தச் சத்தம்தான். சாப்பிட்டு முடிக்கட்டும்.

கேட்கவில்லை என்றால் அதே வாக்கியத்தை மூன்று முறை சொல்லாதீர்கள், வேறு மாதிரி சொல்லுங்கள். என் மகள் "தாத்தா, பட்டர்வொர்த்துக்கு மாத்தல் கிடைச்சிருச்சு" என்றாள். கேட்கவில்லை. "தாத்தா, இனிமே நான் இங்கேயே வேலை" என்றாள். பிடித்துக்கொண்டார். முதலில் என்ன விஷயம் என்று தலைப்பைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் இன்னும் நல்லது. "தாத்தா, என் வேலையைப் பத்தி" என்று சொல்லிவிட்டால், பாதி வார்த்தை நழுவினாலும் அவர் மீதியை ஊகித்துக்கொள்வார். பெயர்களும் எண்களும்தான் ஊகிக்க முடியாதவை. அதற்கு மேசையில் ஒரு சின்னப் புத்தகமும் பேனாவும் வைத்தோம். கைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலியும் இருக்கிறது, தமிழும் வரும். நாம் பேசும் தமிழில் மலாயும் ஆங்கிலமும் கலந்திருப்பதால் தடுமாறும், அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் பிடிக்கலாம்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. வருடக்கணக்காக அம்மாதான் அப்பாவுக்குக் காது. வருகிறவர்கள் அப்பாவிடம் கேட்பதையும் அம்மாவிடமே கேட்பார்கள்: "அண்ணனுக்குச் சீனி போடலாமா?" அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா பதில் சொல்லிவிடுவார், பழக்கம். இதை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் பேசியதும் தனியாகத்தான், அதே நெத்திலி மேசையில். அம்மா அழுதார். களைத்துப்போயிருக்கிறேன் என்றார். காது கேளாதவரிடம் பேசுவதற்கு முன்னாலோ பின்னாலோ, அவருக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவரிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

நான் மிகவும் கண்டிப்பாக இருக்கும் ஒரே விஷயம் இது. அப்பா "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்று யாரும் சொல்லக்கூடாது. நமக்கு அது சின்ன விஷயம்தான், திரும்பச் சொல்ல அலுப்பு. அவருக்கோ அது கதவைச் சாத்துவது. எல்லாரும் சிரித்த விஷயம் ஒன்றுமில்லாததாக எப்படி இருக்கும்? பிள்ளைகளிடமும் சொல்லிவைத்தேன்: தாத்தா கேட்டால், எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், திரும்பச் சொல்ல வேண்டும்.

காதுக் கருவி ஜூலையில் வந்தது. அதிலும் ஒரு தப்பு செய்தோம். வாங்கிய அதே சனிக்கிழமை, மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அதை மாட்டிக்கொண்டு நேராக அங்கே போனோம். நாதஸ்வரம், தவில், ஒலிபெருக்கி, தட்டுகள். கருவி சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துத் தராது, எல்லாவற்றையும்தான் பெருக்கும். அரை மணி நேரத்தில் அப்பா இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். பிறகு ஒரு மாதம் வீட்டிலேயே, காலையில் இரண்டு மணி நேரம், பிறகு நாலு மணி நேரம் என்று கூட்டினோம். வருடக்கணக்கில் வராத ஒலிகளை மூளை மறுபடி பழக வாரக்கணக்கு ஆகும். முதல் வாரம் செய்தித்தாள் புரட்டும் சத்தமே எரிச்சலாக இருக்கிறது என்றார். ஒருநாள் சாயங்காலம் திடீரென்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "பல்லி சொல்லுது" என்றார். அவர் அதைக் கேட்டுப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

தீபாவளிக் காலையில் கவனமாக இருங்கள். எண்ணெய்க் குளியலுக்கு முன் கருவியைக் கழற்றி எடுத்து வைத்துவிட வேண்டும். தலைக்கு வைக்கும் எண்ணெய் காதுக்குள் போகக்கூடாது, காதில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குளித்து, தலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரவில் கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பேட்டரி மாற்றுவதாக இருந்தால், ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். அப்பாவுடையது பழுப்புத் தாள் ஒட்டிய 312. ஒரு அட்டையை அம்மா வெற்றிலைப் பெட்டியிலும், ஒரு அட்டையை நான் கைப்பையிலும் வைத்திருக்கிறோம், விருந்து நடுவில்தான் அது தீர்ந்துபோகும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து அவரைத் தள்ளி உட்காரவையுங்கள். மிச்சம் இருக்கும் கேட்கும் திறனையாவது காப்பாற்ற வேண்டும்.

போன தீபாவளிக்குச் சுங்கைப் பட்டாணி மாமா வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வந்தார். நான் வாசலிலேயே போய், அந்த வருடம் நடந்ததன் காரணத்தைச் சொன்னேன். அப்பா சொல்லச் சொல்லியிருந்தார். மாமா உள்ளே போய், அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முழங்காலைத் தொட்டார். அப்பா நிமிர்ந்து பார்க்கும்வரை பேசவில்லை.

நான் காப்பி கொண்டுபோனபோது அப்பா, "கடைசியில ரொம்ப கஷ்டப்பட்டானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். காற்றாடி ஓடாததால் இருவருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. நண்பர் பால் வாளியோடு மேட்டிலிருந்து உருண்ட கதையை மாமா தொடங்கினார், அப்பா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்ல மச்சான், அது அவன் இல்ல. விழுந்தது நான்."